கொஞ்சம் பலம், அப்புறம் எடக்கு

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் மாறி விஜயநகர் வீட்டு வாசலில் வந்து இறங்கிய சம்யுக்தா, காலையில் விட்டுப்போன கார் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்தாள். ஒரே வித்தியாசம், முன்சக்கரங்களில் ஒன்று இப்போது அதில் இல்லை. அது வாட்டர் மீட்டருக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. ஜாக்கியின் மேல், முன்னங்காலில் முள் குத்திய நாயைப் போல கார் நின்றுகொண்டிருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நாராயண்."

கால்கள் அசைந்தன.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலே. அதான் ப்ராப்ளம்" என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

அவள் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். இடுப்பு, பஸ்ஸின் பின்சீட்டை இன்னும் கழற்றி வைக்கவில்லை. அவளுக்குக் கொள்ளேகாலில் அரசுக் கல்லூரியில் வேலை. போக அறுபது கிலோமீட்டருக்கு மேல், வர அறுபதுக்கு மேல். வாரத்தில் ஆறு நாள், பதினோரு வயதான இந்தக் காரில்தான் போய் வருகிறாள். போன வாரம் வழியில் மூகூரைத் தாண்டும்போது பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. வியாழக்கிழமை அந்தச் சத்தத்துக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக வண்டி பார்க்கும் சித்தையன், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். புதன்கிழமைதான் வருவான்.

"பிரேக் பேட்தானே, நானே மாத்தறேன்" என்று நாராயண் சொன்னபோது அவள் சரி என்று சொன்னாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது.

நாராயண் ஸ்ரீரங்கத்துக்காரன். கல்யாணமாகி, மனைவியின் வேலைக்காக மைசூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கையேடு எழுதுவது அவன் தொழில். பம்பு, லிப்ட், ரத்தம் சோதிக்கிற இயந்திரம் என்று தான் தொட்டே பார்க்காத சாமான்களுக்கெல்லாம் 'முதலில் இதைச் செய்யவும், பிறகு அதைச் செய்யவும்' என்று பன்னிரண்டு வருடம் எழுதியவன். எட்டு மாதத்துக்கு முன்னால், இனிமேல் அதைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. முதல் மூன்று மாதம் வேலை தேடினான். அடுத்த மூன்று மாதம் தூங்கினான். அதற்கப்புறம் ஒருநாள் எழுந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். பிறகு மிக்ஸி. பிறகு கதவுக் கீல். பிறகு, நூற்றியெட்டுச் சாமான்கள் அடங்கிய ஆரஞ்சு நிறப் பெட்டி ஒன்று கூரியரில் வந்தது. அது வந்த நாளிலிருந்து அவன் ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தான். சம்யுக்தாவுக்கு அந்த ஆரஞ்சு நிறமே கொஞ்சம் பிடித்துப்போயிருந்தது.

அவன் அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தான். நெற்றியில் கரி. கையில் ஒரு ஸ்பேனர்.

"பார். பதினாலு நம்பர்."

ஸ்பேனரின் வாய், கொட்டாவி விடப்போகிறவனின் வாயைப் போலப் பிளந்திருந்தது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்விக்கு இரண்டு போல்ட். கீழேயிருப்பது கழன்றுவிட்டதாம். மேலேயிருப்பது அசையவில்லை. அசையாத போல்ட்டின் தலையில் இப்போது மூலைகள் இல்லை. மிட்டாய் சப்பியதுபோல உருண்டிருந்தது.

"சித்தையனுக்கு போன் பண்ணினேன்" என்றான். "கல்யாண மண்டபத்துல ஒரே நாதஸ்வரம், மேளம். கத்திக் கத்தி ரெண்டே வார்த்தை சொன்னான். முதல்ல கொஞ்சம் பலம், அப்புறம் எடக்குன்னான். அவன் வாய்ல என்ன இருக்கோ, சொன்ன மாதிரியே எடக்காப் போயிடுத்து."

அவள் காதில் அது விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. திங்கட்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை பரீட்சை ஆரம்பம். கேள்வித்தாள் கட்டை அவள்தான் பிரிக்க வேண்டும், ஒன்பது மணிக்குள். பஸ்ஸை நம்பிப் போக முடியாது. விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் இருக்கும் வேறொரு மெக்கானிக்கின் எண் அவள் போனில் இருந்தது. இன்று பஸ்ஸில் வரும்போதே மூன்று தடவை அதை எடுத்துப் பார்த்தாள், மூன்று தடவையும் அழுத்தாமல் வைத்தாள். அவன் வந்தால் ஒரு மணி நேரத்தில் கார் சரியாகிவிடும். நாராயண் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வான். இரண்டும் அவளுக்கு ஒரே அளவு நிச்சயமாகத் தெரிந்தது.

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் பாரு" என்றாள். "அதுக்குள்ள கழலலேன்னா நான் ஆளைக் கூப்பிட்டுடுவேன். சரியா?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரலைக்கூடத் துடைத்தான்.

"சரி. நாலு மணி."

"காபி இருக்கா?"

"பால் வாங்க மறந்துட்டேன்."

அவள் எழுந்தாள். "வா, மண்டி மொஹல்லா போலாம். ஸ்பேனர் வாங்கலாம்."

"ஆன்லைன்ல வேற செட் பார்த்து வெச்சிருக்கேன். நூத்தம்பது பீஸ்..."

"வேண்டாம். கையில பிடிச்சுப் பார்த்து வாங்கலாம். எனக்கு இனிமே பிளக்கறது எதுவும் வேண்டாம்."

மண்டி மொஹல்லாவில் ஆட்டோ போகிற அளவுக்குத்தான் சந்து, ஆனால் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்து நின்றிருந்தன. இறங்கி நடந்தார்கள். பெயின்ட் கடை, கயிற்றுக் கடை, பேரிங் கடை எல்லாம் தாண்டி ஒரு சாமான் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்மணியை, கடைப்பையன்கள் லீலாக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தங்களுக்குள் பேசியதைக் கேட்டு, பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் பேசினாள்.

நாராயண் பிளந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்தான். லீலாக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"இது ஸ்பேனர் அல்ல சார். கரண்டி. உப்பிட்டு, அதான் உப்புமா, கிளறலாம்."

"செட்டா வாங்கினேன் மேடம். நூத்தியெட்டு பீஸ்."

"நூத்தியெட்டா? ஏன், அர்ச்சனை மாடோதுக்கா?"

கடைப்பையன்கள் சிரித்தார்கள். நாராயணும் சிரித்தான், ஒரு நொடி தாமதமாக.

"எந்த வண்டி?" என்று கேட்டாள். சொன்னான். "உங்க வண்டில நீங்க தொடற போல்ட் எல்லாம் அஞ்சாறு சைஸ்தான். பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழு. வீலுக்கு ஒண்ணு. மீதி நூறு பீஸ் பெட்டியை ரொப்பறதுக்கு." பின்னால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி இரண்டு ஸ்பேனர்களை எடுத்துப் போட்டாள். ஒன்று கண்ணாடிபோல மின்னியது. இன்னொன்று மழைநாள் மாதிரி மங்கலாக இருந்தது. கூடவே ஒரு தனி போல்ட். "மாட்டி ஆட்டிப் பாருங்க."

நாராயண் மின்னுகிற ஸ்பேனரை எடுத்து மாட்டினான். ஆட்டினால் லொடலொடத்தது. சம்யுக்தா மங்கலானதை எடுத்தாள். அது இரண்டு பக்கமும் வாய் பிளந்தது இல்லை. வளையமாக மூடியது, போல்ட்டின் தலையைச் சுற்றி முழுசாகப் பிடித்துக்கொள்கிற வகை. எடை உள்ளங்கையில் உட்கார்ந்தது. போல்ட்டில் மாட்டினாள். ஆட்டினாள். ஆடவில்லை.

"அதான்" என்றாள் லீலாக்கா. "பளபளப்பு மாப்பிள்ளைக்கு இருந்தா போதும். ஸ்பேனருக்கு வேண்டாம். அந்த முலாம் ஒரு வருஷத்துல உரியும், உரிஞ்சா கையைக் கிழிக்கும். நம்பர் பாருங்க, இதுல அச்சடிச்சிருக்கு, அதுல இரும்புலயே வெட்டியிருக்கு. அதோட ஓரம் பாருங்க, ஒரே கனமா இருக்கா? அப்போ வாய் பிளக்காது."

நாராயணின் கண் சுவரில் தொங்கிய ஒரு ராட்செட் கைப்பிடியின் மேல் இருந்தது. சிவப்பு ரப்பர் பிடி, திருப்பினால் சில்வண்டுபோல கிர்கிர் என்று சத்தம் போடும். அவன் அதைக் கையில் எடுத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சம்யுக்தா வாங்கினாள். ஐந்து வளைய ஸ்பேனர்கள். மூலை தேய்ந்த போல்ட்டுக்கு என்று, ஒரு அளவு சின்னதாகப் பதின்மூன்று நம்பர் சாக்கெட். உள்ளே ஆறு மூலை உள்ளது. "பன்னெண்டு மூலை இருக்கறது சுலபமா மாட்டும், சுலபமா வழுக்கும். ஆறே போதும். சுத்தியல்ல அடிச்சு ஏத்துங்க, பிடிச்சுக்கும்" என்றாள் லீலாக்கா. அதற்கு மாட்ட ஒன்றரை முழ நீளத்தில் ஒரு கெட்டியான கைப்பிடி. அதில் கிர்கிர் சத்தம் எதுவும் வராது. "துரு எண்ணெய் இன்னிக்கே விட்டு வைங்க. பிரேக் தட்டு மேல ஒரு சொட்டு படக் கூடாது. அப்புறம், உருண்டுபோன போல்ட்டை மறுபடியும் போட்டுடாதீங்க. ரெண்டு கடை தள்ளி ஸ்பேர்ஸ் இருக்கு, புதுசு வாங்கிக்கங்க."

காகிதத்தில் சுற்றிக்கொண்டே அவள் சம்யுக்தாவைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னாள்: "மொதலு ஸ்வல்ப பலக்கே. ஆமேலே எடக்கே." சொல்லும்போது வெறும் மணிக்கட்டை முதலில் வலதுபக்கம் கொஞ்சமாகவும் பிறகு இடதுபக்கம் நீளமாகவும் திருப்பிக் காட்டினாள்.

நாராயண் ராட்செட்டிலிருந்து தலையைத் தூக்கினான். மணிக்கட்டை அவன் பார்க்கவில்லை.

"கேட்டியா சம்யு? சித்தையனும் இதே வார்த்தைதான் சொன்னான். ஸ்வல்ப பலம். நான் முழு பலத்தையும் போட்டுட்டேன். அதான் எடக்காயிடுத்து."

லீலாக்காவின் கை சுற்றுவதை நிறுத்தியது. அவள் சம்யுக்தாவைப் பார்த்தாள். சம்யுக்தா மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. லீலாக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொட்டலத்தைத் தள்ளினாள்.

கன்னடத்தில் 'பல' என்றால் வலது. 'எட' என்றால் இடது. முதலில் கொஞ்சம் வலதுபக்கம் இறுக்கு, துரு உடையும். அப்புறம் இடதுபக்கம் கழற்று. இவ்வளவுதான் சித்தையன் சொன்னது. நாராயணின் காதில் பலமும் எடக்குமாக அது விழுந்திருக்கிறது. பலத்தையெல்லாம் இடதுபக்கமே போட்டு, ஸ்பேனரைப் பிளந்து, போல்ட்டை உருட்டி, கடைசியில் எடக்கு வந்தபோது சொன்னபடி நடந்துவிட்டது என்று ஆச்சரியமும் பட்டிருக்கிறான்.

திரும்பி வரும் ஆட்டோவில் பொட்டலம் அவள் மடியில் கனத்தது. கல்யாணமான புதிதில், பேச்சுக்குப் பேச்சு 'அல்வா' என்று இந்த ஊரிலேயே வளர்ந்த தான் முடிப்பதும், அல்லவா என்பதற்கு மைசூர்க்காரர்கள் சொல்லும் சொல் அது என்று தெரியாமல் அவன் இரண்டு நாள் இனிப்புக்குக் காத்திருந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது சொன்னால் சிரிப்பானா? ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், கன்னடம் காய்கறிக்காரியிடம் மட்டும். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. எட்டு மாதமாக அவன் செய்கிறது எதுவும் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறவனிடம், கேட்டதுகூடத் தப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பே ஆயாசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாத்தமுது சாதம் சாப்பிட்டு ஒரு மணிக்கு அவன் வேலையை ஆரம்பித்தான். எண்ணெய் முந்தைய நாளிலிருந்து ஊறியிருந்தது. சாக்கெட்டைப் போல்ட்டின் மேல் வைத்து, நான்கு அடி. பிடித்துக்கொண்டது. நீளக் கைப்பிடியை மாட்டினான். இடதுபக்கம் சாய்ந்தான்.

"வலது பக்கம்" என்றாள் படியில் உட்கார்ந்திருந்த சம்யுக்தா.

"என்ன?"

"முதல்ல கொஞ்சம் வலது பக்கம். இறுக்கற மாதிரி. அப்புறம் இடது."

"கழட்டறதுக்கு எதுக்கு இறுக்கணும்?"

"துரு விடறதுக்கு. சித்தையன் அதான் சொன்னான்."

"சித்தையன் பலம்னுதானே..."

அவன் நிறுத்தினான். அந்த வார்த்தை அவன் முகத்துக்குள்ளேயே திரும்பிக்கொண்டதை அவள் பார்த்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"பல" என்றான். "எட."

"ம்."

"கல்யாண வீட்டுல நின்னுண்டு ஏன் எடக்குங்கறான்னு நினைச்சேன்." கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்து நின்றான். "அந்தக் கடைக்காரிக்குத் தெரிஞ்சுதா?"

அவள் வாட்டர் மீட்டர் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

"ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். வேற என்னெல்லாம் தப்பாக் கேட்டிருப்பேனோ."

அவன் கைகழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். உள்ளே போனான். கட்டில் முனகும் சத்தம் கேட்டது.

சம்யுக்தா படியிலேயே இருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் எட்டு மாதத்தில் இருந்த ஆறுதலையெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தாள். மிச்சமிருப்பது எதுவும் அவளுக்கே நம்பும்படி இல்லை. வெயில் ஜாக்கியின் நிழலை மெல்ல நகர்த்தியது. இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை.

எழுந்து போய்க் காரின் பக்கத்தில் குந்தினாள். சாக்கெட் போல்ட்டைக் கவ்வியபடியே இருந்தது. கைப்பிடியைத் தொட்டாள். சூடு ஏறியிருந்தது. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். ஒரு நிமிஷ வேலை. இரும்பு நல்ல இரும்பு, நீளம் நல்ல நீளம், தன் கைக்கே கழலும் என்று தோன்றியது. கழன்றால் திங்கட்கிழமை கார் உண்டு. போனை எடுக்கவும் வேண்டாம். யாரையும் எழுப்பவும் வேண்டாம்.

கைப்பிடியைப் பிடித்தபடியே வெகுநேரம் குந்தியிருந்தாள். பிறகு விட்டுவிட்டு எழுந்தாள். முழங்கால் சொடக்கு விட்டது.

மூன்றே முக்காலுக்குப் படுக்கையறை வாசலில் போய் நின்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்பது முதுகில் தெரிந்தது.

"நாராயண், நாலு மணிக்குக் கால் மணிதான் இருக்கு."

"ஆளைக் கூப்பிட்டுடு."

"கூப்பிடலாம். எனக்கு அவன்கிட்டப் பேசக்கூடத் தெம்பு இல்லே. வண்டி எங்க, என்ன மாடல், யார் கழட்டினது, எல்லாம் கேப்பான்." கதவில் சாய்ந்தாள். "நீ வா. பக்கம் நான் சொல்றேன். பலம் நீ போடு."

அவன் தோள் கொஞ்சம் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தாள்.

"பக்கம் நீ, பலம் நான்" என்றான் சுவரைப் பார்த்தே. "இதைத்தான் கன்னடத்துல ஒரே வார்த்தையில சொல்லிட்டான் பாவி."

"எழுந்திரு. அல்வா தரேன்."

"என் மேல கோவமா?"

"தூக்கமா இருக்கு."

அவன் எழுந்து வந்தான். கைப்பிடியைப் பிடித்தான். "வலது" என்றாள். சாய்ந்தான். ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம்." டிக் என்று ஒரு சத்தம் வந்தது. விரல் சொடக்கைவிடப் பெரிய சத்தம் இல்லை, ஆனால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "இப்போ இடது." கைப்பிடி முதலில் மறுத்தது. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரைப் போல, விருப்பமில்லாமல் திரும்பியது. கால் சுற்று. அரைச் சுற்று. அதற்கப்புறம் அவன் விரலாலேயே கழற்றினான்.

பேட் தேய்ந்து தகடாகியிருந்தது. புதியதைப் போட்டு, புது போல்ட் போட்டு, சக்கரத்தை மாட்டினான். மறுபக்கச் சக்கரத்தில் இரண்டு போல்ட்டும் வலது, இடது என்றதும் மறுபேச்சு இல்லாமல் வந்தன. நாலு மணி எப்போதோ கடந்துபோயிருந்தது. அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவள் கிளம்பியபோது அவன் சக்கரத்துப் பக்கம் குந்தி, பதினாலு நம்பர் வளைய ஸ்பேனரோடு கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறுக்கமாத்தான் இருக்கு. மூணு தடவை பார்த்துட்டேன்."

அவள் பெடலை அழுத்தினாள். கால் ஒரு இடத்தில் போய் நின்றது. கெட்டியாகத்தான் நின்றது. ஆனாலும் அவள் கியர் போடவில்லை. இந்தக் கால் இன்றைக்கு அறுபது கிலோமீட்டருக்கு அவன் கையை நம்ப வேண்டும். இறங்கி ஒருமுறை தானே பார்க்கலாம். பார்த்தால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுப்பான், அவ்வளவுதான்.

"நீயும் வா" என்றாள்.

"எங்க?"

"கொள்ளேகாலுக்கு. வண்டி நிக்கலேன்னா ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல தெரியட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். வேட்டியைக் கழற்றி பேன்ட் மாட்டிக்கொண்டு வர மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டான். ஸ்பேனர்களைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். ஆரஞ்சுப் பெட்டி வாசலிலேயே கிடந்தது.

தெருமுனையில் பால் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. அவள் அழுத்தினாள். கார் நின்றது. கீச்சென்ற சத்தம் இல்லை. பால்காரர் தன் பாட்டுக்குப் போனார்.

ரிங் ரோட்டுக்கு வந்தபோது நாராயண் விரலை நீட்டி, "பலக்கே" என்றான்.

"தெரியும்" என்று வலதுபக்கம் திரும்பினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் கேட்டான், "சாயங்காலம் வரைக்கும் கொள்ளேகால்ல நான் என்ன பண்றது?"

"தெரியலே."

அவன் அதை யோசித்துக்கொண்டே இருந்தவன், நரசிபுரம் வருவதற்குள் தூங்கிப்போனான். வாய் லேசாகப் பிளந்திருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மடியில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சம்யுக்தா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அடுத்த தடைக்கு முன்னால் காலை மெல்ல அழுத்தினாள்.